ருஃபீனா வாங்கிய கையெழுத்துகள்

எதிர்வீட்டு ருஃபீனா சவேல்யெவ்னாவைப் பற்றி ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள். வெளிநாட்டுப் பணம் வாங்கினார் என்கிறான் ஒருவன். கள்ளக் கையெழுத்துக்காரி என்கிறாள் இன்னொருத்தி. அவர் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த பேரிங் தொழிற்சாலையை மூடியதே அவர்தான் என்றுகூட ஒரு மேதாவி மளிகைக்கடை வரிசையில் சொல்லிக்கொண்டிருந்தான். போடா போக்கத்தவனே என்று மனதுக்குள் திட்டினேன். வாய்விட்டுத் திட்டவில்லை. அந்தக் கள்ளக் கையெழுத்துகளில் ஒன்று என்னுடையது. அதனால் நடந்ததைச் சொல்ல வேண்டியவள் நான்தான்.

முதலில் அவரைப் பற்றி. ஐந்தடிகூட இல்லாத உருவம். குளிர்காலம் முழுக்க ஒரே பழுப்புக் கோட்டு, ஒரே கம்பளித் தொப்பி. தொழிற்சாலையில் திட்டப் பிரிவில் இருந்தார். எத்தனை டன் எஃகு வரும், எத்தனை உருளை போகும் என்று கணக்குப் போடுகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கணக்கு விடவில்லை. ஒரு குளிர்காலத்தில் வீட்டுச் சூடேற்றும் கட்டணம் திடீரென்று ஏறியது. எல்லோரும் புலம்பிவிட்டுக் கட்டினோம். இவர் டேப்பை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிவரை ஏறி அளந்தார். வெந்நீர்க் குழாயே போகாத பரணுக்கும் சேர்த்து எங்களிடம் வசூலிக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். இங்கே அடையாள அட்டையே பாஸ்போர்ட்தான், எழுபத்திரண்டு குடும்பத்தின் பாஸ்போர்ட் நகலை வாங்கி மனு எழுதி, வீட்டுவசதி அலுவலகத்துக்குப் பதினொரு தடவை நடந்தார். பணம் திரும்பி வந்தது. அந்தக் கம்பளித் தொப்பி தெருமுனையில் தெரிந்தாலே அலுவலக மேலாளர் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிடுவார் என்று சொல்வார்கள்.

"எண்ணுக்குப் பயம் கிடையாது லீதா. நமக்குத்தான் பயம்" என்பார் என்னிடம்.

எனக்குப் பயம் நிறையவே உண்டு. நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். நானூறு பிள்ளைகளுக்குக் காலையில் ரவைக் கஞ்சி, மதியம் சூப். என் வீட்டுக்காரன் வலேரி ஊருக்கு வெந்நீர் அனுப்பும் கொதிகலன் நிலையத்தில் ஃபிட்டர். இரண்டு சம்பளமும் அரசாங்கத்திலிருந்து வருகிறது. அதாவது இரண்டு பேர் கழுத்தும் ஒரே கையில்.

அந்த வருடம் ஜனாதிபதித் தேர்தல். மாஸ்கோவிலிருந்து லெவ் ஜரூபின் என்ற பொருளாதாரப் பேராசிரியர் நிற்கப்போவதாகச் சொன்னார். ருஃபீனா அந்த மனிதரின் கட்டுரைகளைத் தொழிற்சாலைக் காலத்திலிருந்தே வெட்டி ஒட்டி வைத்திருப்பவர். ஆனால் சும்மா நிற்க முடியாது. பெயர் ஓட்டுச்சீட்டில் ஏறவேண்டுமென்றால் நாடு முழுக்க லட்சக்கணக்கில் ஜனங்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். பெயர், முகவரி, பாஸ்போர்ட் எண், கையெழுத்து, தேதி. எங்கள் ஊரில் அந்த வேலையை ருஃபீனா எடுத்துக்கொண்டார்.

வலேரி சிரித்தான். "அலங்காரத்துக்கு லீதா. மேசையில பூச்சாடி வைக்கிற மாதிரி. இப்ப ஆளுற பெரியவர்தான் ஜெயிக்கப்போறாரு, அது பாப்பாவுக்குக்கூடத் தெரியும். தனியா ஓடினா பார்க்க நல்லாயிருக்காதுன்னு பக்கத்துல ஒரு புரபசரையும் ஓட விடுவாங்க."

திறந்திருந்த கதவு வழியாக அது ருஃபீனாவுக்குக் கேட்டுவிட்டது. "பூச்சாடின்னா வச்சிட்டுப் போகட்டுமே வலேரி? அப்புறம் எதுக்கு ஊர் ஊரா அவருக்கு ஹாலைப் பூட்டுறாங்க?"

பூட்டினார்கள். டிசம்பரில் ஜரூபின் எங்கள் ஊருக்கு வந்தபோது, பேசி வைத்திருந்த நூலகக் கூடத்தில் அன்று காலையில்தான் குழாய் வெடித்துவிட்டதாம். என் வீட்டுக்காரன் குழாய் ஃபிட்டர். "எந்தக் குழாயும் வெடிக்கல" என்று அவனே சொன்னான். கூட்டத்தை ருஃபீனா தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். இரண்டு அறையில் இருபத்திமூன்று பேர். கோட்டெல்லாம் கட்டிலில் மலை மாதிரி குவிந்திருந்தது. நான் முட்டைக்கோஸ் வைத்துச் சுட்ட பிரோக் ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். என் வாய் என்னை விடுமா?

பேராசிரியர் சமையலறை முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வாசலில் பூட்ஸைக் கழற்றியிருந்தார், ஒரு காலுறையில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. நாட்டை ஆளப் போகிறவர்!

"ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க ஜெயிப்பீங்களா?" என்றேன்.

"மாட்டேன்" என்றார் வாயில் பிரோக்குடன்.

"உங்களை மாதிரி படிச்சவங்க பேச்சைக் கேட்டுத்தான் அரசாங்கம் பிடிச்சு வச்சிருந்த விலையையெல்லாம் அன்னிக்கு அவுத்து விட்டாங்க. எங்கம்மா இருபது வருஷம் சேர்த்த காசு ஒரு குளிர்காலத்துல செருப்பு வாங்கக்கூடக் காணாமப் போச்சு. தெரியுமா?"

ருஃபீனா என் முழங்கையைப் பிடித்தார். அந்த மனிதர் மெல்லுவதை நிறுத்திவிட்டு, "தெரியும். அது தப்புன்னு அப்பவே எழுதினேன்" என்றார்.

"நீங்க எழுதினீங்க. எங்கம்மா ஏங்கியே செத்தாங்க."

"ஆமா" என்றார். "எழுதினாப் போதும்னு நெனச்சேன். அதான் நான் பண்ண தப்பு."

ஒருத்தன் தன் தப்பை இப்படி நேராக ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. பிறகு அவர் என்னையே கேட்டார், பள்ளிக்கூடத்துக்கு முட்டை யார் கொடுக்கிறார்கள் என்று. ஒரே ஒரு ஆள்தான், வேறு யாரும் டெண்டர் போட முடியாது என்றேன். "முட்டை எப்படி இருக்கு?" என்றார். "பாதி அழுகல், விலை கடையைவிட அதிகம்" என்றேன். "திருப்பி அனுப்ப முடியாதா?" "யாருகிட்ட அனுப்ப? வேற ஆள் இல்லையே." அவர் சும்மா தலையை ஆட்டினார். முட்டையைப் பற்றி மட்டும் அவர் கேட்கவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் பயமாகவும் இருந்தது, ஏனென்றால் அந்த முட்டைக்காரர் எங்கள் தலைமையாசிரியை இன்னா கர்லொவ்னாவின் மைத்துனர்.

அந்த இன்னா கர்லொவ்னா புத்தாண்டு விடுமுறைக்கு முன்னால் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார். "லீவுல எவனாவது வீட்டுக்கு வந்து ஒரு தாளை நீட்டுவான். நான் யாரையும் தடுக்கல, ஜனநாயகம். ஆனா நம்ம ஸ்கூல்காரங்க பேரு அதுல இருந்தா எனக்கு மேல இருந்து ஃபோன் வரும். ஜூன்ல உங்க ஒப்பந்தத்தை நான்தான் புதுப்பிக்கணும். எல்லாருக்கும் ஹேப்பி நியூ இயர்."

ஜனவரி நாலாம் தேதி மத்தியானம் ருஃபீனா எங்கள் கதவைத் தட்டினார். தொப்பியில் பனி. ஃபைலை நனையாமல் பாலிதீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார், கழுத்தில் கயிறு கட்டிப் பேனா. வலேரி பார்த்தான், அடுத்த அறைக்குப் போய் டிவி சத்தத்தைக் கூட்டினான். தனக்கு எதுவும் தெரியாது என்று பிறகு சொல்வதற்கு வசதியாக.

"வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க லீதா. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றார்.

எப்படி வேண்டாம் என்பது? எங்கள் சூடேற்றும் கட்டணத்துக்காகப் பதினொரு தடவை நடந்த கால் அது. பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் அச்சுப் போல் பெயரையும் எண்ணையும் எழுதினார். "கையெழுத்தும் தேதியும் மட்டும் உங்க கையாலயே போடணும். அதுதான் சட்டம்" என்று பேனாவை நீட்டினார்.

பேனாவைத் தொட்டதும் இன்னா கர்லொவ்னாவின் முகம் கண்முன் வந்தது. அப்போது, எந்தப் பேய் புகுந்ததோ, ஒரு யோசனை வந்தது. என் கையெழுத்து ஓர் எழுத்தும் அதற்குப் பின்னால் நீளமான ஒரு சுழிப்பும்தான். முப்பது வருடமாக அதுதான். அதைப் போடாமல், முழுப் பெயரையும் இடதுபுறம் சாய்த்து, ஸ்கூல் பிள்ளை மாதிரி உருட்டி உருட்டி எழுதினேன். நாளைக்கு யாராவது கேட்டால் இது என்னுடையதே இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? ருஃபீனாவுக்கும் மறுத்த மாதிரி இல்லை, எனக்கும் ஆபத்து இல்லை. என்ன மூளை!

ருஃபீனா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "உங்க கையெழுத்துதானே லீதா?"

"என் கையாலதானே போட்டேன்? கண்ணெதிரே பார்த்தீங்கள்ல!"

"ரொம்ப நன்றி" என்றார். ஃபைலை மறுபடி பாலிதீனில் சுற்றிக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினார். இருநூற்றுப் பதினாலு கையெழுத்து வாங்கினார் அந்த விடுமுறையில். மைனஸ் இருபத்தாறு டிகிரியில், அறுபத்தேழு வயதில்.

ஜனவரி கடைசியில் டிவியில் சொன்னார்கள். ஜரூபினின் கையெழுத்துத் தாள்களில் செல்லாதவை அளவுக்கு மேல், அதனால் அவர் பெயர் ஓட்டுச்சீட்டில் வராது. அவரையும் இருபது வினாடி காட்டினார்கள், பேசுகிற மாதிரி உதடு அசைந்தது, குரல் செய்தி வாசிக்கிறவளுடையது. சில ஊர்களில் கையெழுத்துகளே போலி, வழக்குப் பதிவாகிறது என்று முடித்தாள். என் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். வலேரி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

நாலு நாள் கழித்து, கஞ்சி கொதிக்கிற நேரத்தில் தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டார்கள். ஏப்ரனோடு போனேன். ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். விசாரணை அதிகாரி, பெயர் சுஷ்கோவ். ஜலதோஷம், மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அதட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ரொம்ப மரியாதை.

"பயப்படாதீங்க லீதியா மகாரொவ்னா. ஒரே ஒரு கேள்வி." தாளின் நகலைத் திருப்பி வைத்தான். "இது உங்க கையெழுத்தா? உங்க பாஸ்போர்ட்ல இருக்கிறது மாதிரி இல்லையே?"

இன்னா கர்லொவ்னா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று என் தோளில் கை வைத்தார். லேசான கைதான், ஆனால் எடுக்கவில்லை.

"இல்லன்னா இல்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ. அடுப்புல கஞ்சி இருக்கு" என்றார்.

"பயப்படாதீங்க" என்றான் அவன் மறுபடி.

"என்னோடது இல்ல" என்றேன்.

"அப்போ உங்க பாஸ்போர்ட் நம்பர் அந்தம்மாவுக்கு எப்படிக் கிடைச்சது?"

நான் இதை யோசித்திருக்கவே இல்லை. இன்னா கர்லொவ்னாதான் எடுத்துக் கொடுத்தார். "உங்க பில்டிங்ல ஏதோ மனுவுக்காக எல்லாரோட நகலையும் அவங்க வாங்கி வச்சிருந்தாங்களாமே? ஊரே சொல்லுதே."

"ஆமா" என்றேன். ருஃபீனாவின் நல்ல காரியத்தையே எடுத்து அவர் கழுத்தில் சுருக்காகப் போட்டேன். ‘இந்தக் கையெழுத்து என்னுடையது அல்ல’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கஞ்சி அடிப்பிடித்திருந்தது.

அன்று சாயங்காலம் கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடி ஷன்னாவைப் பார்த்தேன். அரசு மருத்துவமனையில் நர்ஸ். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"உன்னையுமா கூப்பிட்டாங்க?" என்றாள் கிசுகிசுப்பாக.

"உம். உன்னோடது இல்லன்னு சொல்லிட்டியா?"

"சொன்னேன். நம்பிட்டாங்க. நான் அன்னிக்கே இடது கையால போட்டேன்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்நேரம் முதல் மாடி யெஃபிம் கிழவர் குப்பைக்கூடையோடு வந்தார். எங்கள் பேச்சு காதில் விழுந்ததும் நின்றுவிட்டார். "நான் என் மச்சினன் கையெழுத்தைப் போட்டேன்" என்றார். "அவன் செத்து ஆறு வருஷம் ஆச்சு. அவனை யாரு போய்க் கேக்கப்போறான்னு."

ஷன்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினோம். இந்தக் கட்டடத்தில் எத்தனை பேரோ இப்படிப் புத்திசாலித்தனம் பண்ணியிருப்பார்கள். ஆளுக்கொரு தினுசாக மாற்றிப் போட்டு, ஆளுக்கொரு தாளில் மறுத்து எழுதிக் கொடுத்திருப்பார்கள். மிச்சம் என்ன? எல்லாக் கையெழுத்தையும் ருஃபீனாவே உட்கார்ந்து போட்டார் என்றாகிவிட்டது.

"அவங்களை உள்ள போட்டுருவாங்களா?" என்றாள் ஷன்னா.

"போடுவாங்க" என்றார் யெஃபிம். "கள்ளக் கையெழுத்துக்கு அதான்."

"மூணு பேரும் ஒண்ணாப் போய் உண்மையைச் சொல்லிட்டா என்ன?" என்றேன்.

"சரி. நீ முன்னாடி போ. நாங்க பின்னாடியே வர்றோம்" என்றாள் ஷன்னா.

யாரும் போகவில்லை. கிழவர் குப்பையைக் கொட்டாமலே திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். என் வாழ்க்கையில் அப்படி ஒன்பது நாள் வேண்டாம். லிஃப்ட் எங்கள் மாடியில் நின்றால் கதவுத் துளையில் கண்ணை வைத்தேன். ஃபோன் அடித்தால் வலேரி சத்தத்தை நிறுத்தினான், எடுக்கவில்லை. ருஃபீனாவோ வழக்கம்போல வாசலில் பார்த்து, "என்ன லீதா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஒரு பாட்டில் ராஸ்பெர்ரி ஜாம் கொண்டுவந்து கொடுத்தார், ஜுரத்துக்கு நல்லதாம். அந்தப் பாட்டிலை நான் திறக்கவே இல்லை.

பத்தாம் நாள் காலை ஆறரைக்கு மணி அடித்தது. நைட்டியோடு திறந்தேன். சீருடையில் ஒருவன். "எதிர்வீட்டுல சோதனை. சாட்சிக்கு அக்கம்பக்கத்து ஆளு ரெண்டு பேர் வேணும். பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு வாங்க." பின்னால் யெஃபிம் கிழவர், கோட்டுக்குள் பைஜாமாவோடு.

ருஃபீனா தலை வாரி, மேசையில் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தார். நாலு பேர் பூட்ஸோடு நடமாடினார்கள், அதில் சுஷ்கோவும் ஒருவன். "பூட்ஸைக் கழட்டிட்டு வரலாமே" என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அலமாரியிலிருந்து ஜரூபினின் கட்டுரைத் துண்டுகளை எடுத்துக் குவித்தார்கள். ஒருவன் எண்ணி, "நூத்திப் பதினாலு" என்று எழுதினான்.

"நூத்திப் பதினஞ்சு" என்றார் ருஃபீனா. "ரெண்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கும், பாருங்க." பார்த்தார்கள். ஒட்டித்தான் இருந்தது.

அப்போதுதான் என்னைக் கவனித்தார். அவர் முகம் தெளிந்த விதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "லீதா! வந்துட்டீங்களா?" என்றார். அதோடு விட்டிருக்கலாம். விட அவரால் முடியாது. விதி என்றால் விதி, கணக்கு என்றால் கணக்கு. சுஷ்கோவைப் பார்த்து, "இவங்களையும் யெஃபிமையும் சோதனைக்குச் சாட்சியா வைக்கக் கூடாது" என்றார். "ரெண்டு பேரும் என் தாள்ல கையெழுத்துப் போட்டவங்க. சட்டப்படி சம்பந்தமில்லாத ஆளா இருக்கணும். வேணும்னா லீதாவையே கேளுங்க, என் கண்ணெதிரே போட்டாங்க. அப்பவாவது நான் போலி போடலன்னு தெரியும்."

சுஷ்கோவ் மூக்கைத் துடைத்தான். ஃபைலைப் புரட்டினான். "லீதியா மகாரொவ்னா... இதோ. ‘என்னுடையது அல்ல’ன்னு எழுதிக் குடுத்திருக்காங்களே?" தாளைத் தூக்கி அவரிடம் காட்டினான்.

ருஃபீனா வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். பிறகு நிமிர்ந்து, "லீதா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

கதவோரம் யெஃபிம் கிழவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. "அது என்னோடதுதான்!" என்று கத்திவிட்டேன். "நான்தான் போட்டேன். பயந்துகிட்டு வேணும்னே மாத்திப் போட்டேன். இவங்க ஒரு தப்பும் பண்ணல!"

சொல்லிவிட்டேன். ஒரு நிமிடம் உடம்பே லேசாக இருந்தது.

சுஷ்கோவ் கோபப்படவில்லை. வெற்றுத் தாள் ஒன்றை மேசையில் வைத்தான். "அதே மாதிரி போடுங்க பார்ப்போம்."

போட்டேன். வரவில்லை. இடதுபுறம் சாய்த்தேன், உருட்டினேன். ஒன்றுகூட அதுபோல இல்லை. ஒரு நிமிடப் பயத்தில் எழுதியது மறுபடி எப்படி வரும்? ஏழு, எட்டு, ஒன்பது தடவை. ருஃபீனா ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போதும்" என்றான். "சரி, உங்க பேச்சையே எடுத்துக்குவோம். ‘பயந்து மாற்றிப் போட்டேன்’னு எழுதுங்க. ஆனா யாருக்குப் பயந்துன்னும் எழுதணும். பேரு வேணும். இல்லன்னா எனக்குப் பொய் வாக்குமூலம் குடுத்ததா உங்க மேல தனிக் கேஸ்."

எழுதினேன். ‘நான் பயந்துபோய் என் கையெழுத்தை மாற்றிப் போட்டேன். நான் பயந்தது’. அதோடு பேனா நின்றது. யாருக்கு? இன்னா கர்லொவ்னாவுக்கா? எழுதினால் ஜூன் மாதம் என் வேலை போகும். அவருக்கு மேலே இருந்து ஃபோன் பண்ணுகிறவனுக்கா? அவன் யார்? எதிரில் உட்கார்ந்திருக்கும் இந்த ஜலதோஷக்காரனுக்கா? கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அவனை நான் பார்த்ததுகூடக் கிடையாது. வலேரியின் வேலை, வீடு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது. ஒரு பெயரும் எழுத வரவில்லை.

"எழுதுங்க" என்றான். "அவசரமில்ல."

ருஃபீனாதான் பேசினார். குரலில் கோபமில்லை, ரொம்பச் சோர்வாக இருந்தது.

"எனக்குப் பயந்துன்னு எழுதுங்க லீதா."

"ஐயோ, ருஃபீனா சவேல்யெவ்னா..."

"எழுதுங்க. என்னை எப்படியும் விடப்போறதில்ல. உங்களுக்கு வேலை இருக்கணும்."

சுஷ்கோவின் முகம் மலர்ந்தது. போலிக் கையெழுத்தைவிட இது அவனுக்கு வசதி. வீடு வீடாகப் போய் மிரட்டிக் கையெழுத்து வாங்கினார் என்று எழுதிக்கொள்ளலாம். சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல என் பக்கம் குனிந்து, "பயப்படாதீங்க" என்றான்.

எழுதினேன். அவர் பெயரை முழுசாக, தகப்பன் பெயரோடு எழுதினேன். கீழே என் அசல் கையெழுத்தைப் போட்டேன். முப்பது வருடப் பழக்கம், ஒரே இழுப்பில் வந்தது.

தேர்தல் மார்ச்சில் நடந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் வாக்குச்சாவடி, பாட்டு போட்டார்கள், நான் பிரோக் சுட்டு விற்றேன். பெரியவர் ஜெயித்தார். ருஃபீனாவை அதுவரை வீட்டிலேயே விட்டுவைத்திருந்தார்கள், வழக்கு ஏப்ரலில். முடிவில் இரண்டு வருடத் தண்டனை கொடுத்து, உள்ளே போடாமல் நிறுத்திவைத்தார்கள். மாதம் இரண்டு தடவை போலீஸில் போய் நிற்க வேண்டும், தேர்தல் வேலை எதையும் தொடக் கூடாது.

சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்ட நாளில் கோர்ட்டில் கூட்டமில்லை. கடைசி வரிசையில் ஜரூபின் மட்டும் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்து லேசாகத் தலையசைத்தார். ருஃபீனா பழுப்புக் கோட்டில் குற்றவாளிக் கூண்டில் நின்றார். நான் எழுதிக் கொடுத்ததை வாசித்தார்கள். மிரட்டியதாக நான் சொன்ன ஆளை நீதிபதியம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவருக்கே நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. ஒரு வார்த்தையில் நான் எல்லாவற்றையும் மாற்றியிருக்கலாம். எனக்கு அந்த இடம் கொடுக்கத்தானோ என்னவோ, அந்தம்மா நிதானமாகக் கேட்டார்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. இவங்களுக்கு நீங்க பயப்படுறீங்களா?"

சோதனை நடந்த நாளிலிருந்து ருஃபீனாவின் கதவு பூட்டுகிற சத்தம் கேட்டு அடங்குகிறவரை நான் என் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன். அவர் காலடி படியிறங்கி முடிந்த பிறகுதான் வெளியே வருகிறேன். கூண்டிலிருந்து அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க, ரொம்பப் பயமா இருக்கு" என்றேன். அந்தக் கோர்ட்டில் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.